கஞ்சாவின் வரலாறு: சுற்றிவரும் கதைகளும் சான்றுள்ள சங்கதிகளும் (விவாத இழை)

பழஞ்சுவடி எழுதியது:

கஞ்சா பற்றிய "ஆச்சரியத் தகவல்கள்" பட்டியல் ஒன்று மறுபடி எல்லாக் குழுக்களிலும் வலம் வருகிறது. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் கஞ்சா நார்த் தாளில் எழுதப்பட்டதாம். விக்டோரியா மகாராணி மாதவிடாய் வலிக்குக் கஞ்சா எடுத்துக்கொண்டாராம். ஹென்றி ஃபோர்டு கஞ்சாவிலேயே கார் செய்தாராம். முதலாவது பொய். இரண்டாவதற்குச் சான்று கிடையாது. மூன்றாவது பாதி உண்மைகூட இல்லை. கல்லறைகளிலும் அரசு ஆவணங்களிலும் அழுத்தமான சான்றோடு கிடக்கும் சங்கதிகள் இவற்றைவிட எவ்வளவோ வியப்பானவை. அவற்றை யாரும் பகிராததுதான் எனக்கு வருத்தம்.

எனவே ஒரு வேண்டுகோள்: எதைச் சொன்னாலும் அது எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான ஹெரோடோட்டஸ், சிதியர் என்ற நாடோடி மக்களின் வழக்கம் ஒன்றை எழுதிவைத்தார். இறந்தவரைப் புதைத்த பிறகு மூன்று கழிகளைச் சாய்த்து நட்டு, கம்பளியால் மூடி, உள்ளே பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டு, அவற்றின்மேல் கஞ்சா விதையைத் தூவுவார்கள். எழும் புகையில் மகிழ்ந்து ஓலமிடுவார்கள் என்கிறார். வெகுகாலம் இதற்கு நேரடிச் சான்று எதுவும் இருக்கவில்லை. 1940களின் கடைசியில் செர்கெய் ருடென்கோ என்ற சோவியத் தொல்லியலாளர் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் பனி உறைந்த கல்லறைகளைத் திறந்தார். கூடாரக் கழிகள், கற்கள் நிரம்பிய உலோகப் பாத்திரம், அதில் கருகிய கஞ்சா விதைகள், பக்கத்தில் ஒரு தோல் பையில் கருகாத விதைகள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கழிகள் மட்டும் மூன்றுக்குப் பதிலாக ஆறு.

அகழாய்வன் எழுதியது:

நல்ல தொடக்கம் ஐயா. ஒன்றைச் சேர்க்க வேண்டும். விதையில் போதை கிடையாது. விதையைச் சுற்றியிருக்கும் பூப்பகுதியின் பிசினில்தான் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதனால் விதை கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து "புகைத்தார்கள்" என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் குறையை 2019இல் வெளியான ஓர் ஆய்வு தீர்த்தது. பாமீர் மலையில், சீனாவின் சின்ஜியாங் பகுதியில், ஜிர்சான்கல் என்ற இடுகாடு இருக்கிறது. சுமார் 2,500 ஆண்டுப் பழமை. அங்கே கிடைத்த மரக் கலங்களுக்குள் சூடேறிக் கருகிய கற்கள் இருந்தன. அந்த மரத்தையும் கற்களையும் வேதிச் சோதனை செய்தபோது, கஞ்சா எரிந்ததன் தடயம் கிடைத்தது. காட்டுச் செடிகளில் வழக்கமாக இருப்பதைவிட டி.எச்.சி. அதிகமான வகை அது.

அதே சின்ஜியாங்கில் துர்ஃபான் அருகே யாங்ஹாய் கல்லறை. 2,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் பக்கத்தில் 789 கிராம் கஞ்சா, காய்ந்தும் பச்சை நிறம் முழுக்கப் போகாமல். துர்ஃபானிலேயே ஜியாயி என்ற இடத்தில் 13 முழுச் செடிகளை ஒரு மனிதரின் உடல்மீது கோடித்துணி போர்த்துவதுபோலச் சாய்வாகப் பரப்பியிருந்தார்கள். வேர்ப்பக்கம் இடுப்புக்குக் கீழே, நுனி முகத்தருகே. அதைச் செய்த கைகளை நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு அக்கறையோடு அடுக்கியிருக்கிறார்கள்!

இஸ்ரேலில் தெல் அராத் என்ற யூதேயக் கோவில் இருக்கிறது, கி.மு. 8ஆம் நூற்றாண்டு. அங்கே இரண்டு சுண்ணாம்புக்கல் பீடங்கள். 2020இல் அவற்றின்மேல் இருந்த கரியைச் சோதித்தார்கள். பெரியதில் சாம்பிராணி வகைப் பிசினும் விலங்குக் கொழுப்பும். சிறியதில் கஞ்சாவும் சாணமும். கொழுப்பு இருந்தால் அதிகச் சூட்டில் எரியும், சாணம் இருந்தால் மெதுவாகப் புகையும். இரண்டுக்கும் என்ன சூடு தேவை என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

பாய்மரம் எழுதியது:

எல்லாரும் புகையையே பேசுகிறீர்கள். மனித வரலாற்றில் இந்தச் செடியின் பெரிய வேலை கயிறு. போதை மிகக் குறைந்த, நாருக்காக உயரமாக வளர்க்கும் ஹெம்ப் வகையைச் சொல்கிறேன். ஐரோப்பியப் பாய்மரக் கப்பலின் கயிறு, நங்கூர வடம், பாய் எல்லாவற்றிலும் இது உண்டு. 1533இல் எட்டாம் ஹென்றி சட்டமே போட்டார்: 60 ஏக்கர் உழும் ஒவ்வொருவரும் கால் ஏக்கரில் ஆளிச் செடியோ ஹெம்ப்போ விதைத்தாக வேண்டும். அப்படியும் போதவில்லை. பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படை ரஷ்யாவிலிருந்து வரும் நாரை நம்பியே ஓடியது. பால்டிக் கடல் வழி அடைபடுமோ என்ற பயம் லண்டனுக்கு எப்போதும் இருந்தது.

பழைய கயிற்றையும் வீணாக்கவில்லை. சிறைக் கைதிகளும் ஏழைகளுக்கான உழைப்பு விடுதிகளில் இருந்தவர்களும் தார் பிடித்து இறுகிய கயிற்றுத் துண்டுகளை விரலாலேயே பிரித்துப் பிரித்துப் பஞ்சாக்குவார்கள். நகம் பெயர்ந்து ரத்தம் வரும் வேலை. அந்தப் பஞ்சை மரப் பலகைகளுக்கு இடையில் அடித்துத் திணித்தால்தான் கப்பலுக்குள் தண்ணீர் வராது. பேரரசு பெருமையோடு காட்டிய கப்பல்களின் இடுக்குகளில் அந்த ஏழைகளின் உழைப்பு இருந்தது. ஆச்சரியத் தகவல் பட்டியல்களில் நான் இதைப் பார்த்ததே இல்லை.

புதுவரவு எழுதியது:

வணக்கம். இந்த மன்றத்துக்குப் புதியவள். ஜார்ஜ் வாஷிங்டன் தன் நாட்குறிப்பில் ஆண் செடியையும் பெண் செடியையும் தனித்தனியாகப் பிரித்தேன் என்று எழுதியிருக்கிறார் அல்லவா? பெண் செடியில்தான் போதை என்பதால் அவர் புகைத்திருக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது சரிதானா?

பழஞ்சுவடி எழுதியது:

வாருங்கள் அம்மா, நல்ல கேள்வி. குறிப்பு நிஜம். 1765 ஆகஸ்ட் 7ஆம் தேதி அப்படி எழுதியிருக்கிறார், கூடவே "கொஞ்சம் தாமதமாகிவிட்டது" என்றும். முடிவுதான் தவறு. நாருக்கு வளர்ப்பவர்கள் ஆண் செடியை முதலில் பிடுங்குவார்கள், அதன் நார் மெல்லியது என்பதால். பெண் செடியை விதைக்காக விட்டுவைப்பார்கள். தன் பண்ணையான மவுண்ட் வெர்னானில் அவர் கயிற்றுக்கும் முரட்டுத் துணிக்கும்தான் இதை வளர்த்தார்.

போதைக்காகப் பிரிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வங்காளத்து நவ்கானைப் பாருங்கள் (இப்போது வங்கதேசம்). 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசின் உரிமத்தோடு கஞ்சா விளைந்த வட்டாரம். பூப்பதற்கு முன்பே "போத்தார்" என்ற நிபுணரைக் கூலிக்கு அழைப்பார்கள். அவர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு செடியின் கணுவையும் பார்த்து, ஆண் என்று தெரிந்ததை அங்கேயே ஒடித்துவிடுவார். மகரந்தம் பரவிவிட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும், பிசின் குறையும், சரக்கு தேறாது. ஒரு ஆண் செடி தப்பினாலும் பக்கத்து வயல்காரருக்கும் நஷ்டம். இந்த வேலையில் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாஷிங்டனின் "தாமதமாகிவிட்டது" என்ற குறிப்பை வைத்துப் புகைத்தார் என்று சொல்வது எவ்வளவு பொருந்தாது என்று இதிலேயே தெரியும்.

பிரகடனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் நகரில் காட்சிக்கு இருக்கும் மூலப்படி விலங்குத் தோலில் எழுதியது. ஃபோர்டு 1941இல் காட்டியது பிளாஸ்டிக் பலகை பொருத்திய கார். அதன் செய்முறைக் குறிப்பு மிஞ்சவில்லை. அதில் வேலை பார்த்த லோவெல் ஓவர்லி சொன்னது சோயா நாரும் பிசினும். ஃபோர்டு கோடரியால் ஓங்கி அடிக்கும் பிரபலமான காட்சியில் அடி வாங்குவது அந்தக் கார்கூட இல்லை. அவருடைய சொந்தக் காரில் மாட்டிய பின்பெட்டி மூடி.

மருந்துப்பெட்டி எழுதியது:

மருந்தாளுநராக இருப்பதால் மகாராணி கதைக்கு நான் பதில் சொல்கிறேன். ஜான் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர் 1890இல் லான்செட் மருத்துவ இதழில் கஞ்சாவைப் புகழ்ந்து எழுதினார், மாதவிடாய் வலிக்கும் பரிந்துரைத்தார். அவர் அரண்மனை மருத்துவராகவும் இருந்தார். இந்த இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அவர் அரண்மனைப் பதவிக்கு வந்தது 1878இல். 1819இல் பிறந்த மகாராணிக்கு அப்போது வயது 59 ஆகப் போகிறது.

பிரிட்டனுக்குக் கஞ்சாவை மருந்தாகக் கொண்டுபோனவரின் கதைதான் சொல்லத் தக்கது. வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி, ஐரிஷ்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். உள்ளூர் வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் விசாரித்து, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு வாதம், காலரா, டெட்டனஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து, 1839இல் விரிவாக எழுதினார். வலிப்பால் துவண்ட 40 நாள் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக் கவனித்ததையும் பதிவு செய்திருக்கிறார். வெறிநாய்க்கடி நோயைக் குணமாக்கியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை, வேதனை தணிந்தது என்றுதான் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. காலராவில் நோயாளியின் உடலிலிருந்து நீரும் உப்பும் போய்விடுகின்றன, அதை ரத்தத்தில் திரும்ப ஏற்ற வேண்டும் என்று 1831–32லேயே சொன்னவரும் இவரே. அப்புறம், இந்தியாவின் முதல் தந்திக் கம்பிகளைப் போட்டவரும் இவர்தான்!

கஞ்சா மருந்து நிலைக்காததற்குக் காரணம் எளிமையானது. தண்ணீரில் கரையாது, ஊசியில் போட முடியாது, ஒரு புட்டிக்கும் மறு புட்டிக்கும் வீரியம் மாறும். உள்ளே இருப்பது என்ன என்பதே தெரியாமல் இருந்தது. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும்தான் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கு மெக்கூலம் காவல்துறையிடமே போய் 5 கிலோ ஹஷீஷ் (கஞ்சாப் பிசின்) வாங்கி, பையில் வைத்துப் பேருந்தில் எடுத்துப் போனார். என்ன வாசனை இது என்று சக பயணிகள் கேட்டார்களாம். அவரே பேட்டிகளில் சொன்னது.

வகுப்பறை எழுதியது:

பள்ளி ஆசிரியை நான். எல்லாரும் விவரமாக எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனாலும் எனக்கு ஒரு கவலை. பதினாறு வயதுப் பையன் இதைப் படித்தால், "மருந்து, கயிறு, கோவில் என்று எல்லாம் நல்லதாகத்தானே இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ள மாட்டானா? கெடுதலைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை வரவில்லை.

மருந்துப்பெட்டி எழுதியது:

நியாயமான கவலை டீச்சர். பழைய காலத்துச் செடியும் இன்று கிடைப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவைச் சோதித்ததில் 1995இல் சராசரியாக 4% இருந்த டி.எச்.சி., 2014இல் 12% ஆகியிருந்தது. இளம் வயதில் தொடங்கி அடிக்கடி எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்து கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விடாத வாந்தி நோய் ஒன்றும் உண்டு. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். பல வருடம் கஞ்சா எடுத்தவர்கள் வயிற்று வலியோடு வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பார்கள், சுடுநீரில் நின்றால் மட்டும் தணியும். அதனால் நாள் முழுக்கக் குளியலறையிலேயே இருப்பார்கள். விட்டால்தான் தீரும். உங்கள் மாணவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

டீச்சர் கேட்டதை நூறு வருடத்துக்கு முன்பே ஒரு குழு கேட்டது. நான் எழுத ஆசைப்பட்டதே அதைப் பற்றித்தான்.

1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் டபிள்யூ.எஸ். கெய்ன் என்ற உறுப்பினர் வங்காளத்தில் கஞ்சா விளைச்சலும் விற்பனையும் மக்களை என்ன செய்கின்றன என்று விசாரிக்கக் கோரினார். இந்தியாவின் பைத்தியக்கார விடுதிகள் கஞ்சாக்காரர்களால் நிரம்பி வழிகின்றன என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. மேக்வொர்த் யங் தலைமையில் நான்கு ஆங்கிலேயரும் மூன்று இந்தியரும் கொண்ட ஆணையம் அமைந்தது. எழுபது கேள்விகள், 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள். மருத்துவர், கலெக்டர், சாமியார், வியாபாரி, விவசாயி என்று யாரையும் விடவில்லை.

ஆணையம் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். 1892இல் விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்குக் காரணம் "கஞ்சா" என்று பதிவேட்டில் இருந்தது. ஆணையம் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் எந்த ஊர், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, கஞ்சா குடித்ததை யார் பார்த்தது என்று தேடிப் போனது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆளைக் கொண்டுவந்து விடும் போலீஸ்காரர் படிவத்தில் காரணத்தை நிரப்பியாக வேண்டும். கஞ்சா குடிப்பானா என்று கேட்பார். யாராவது ஆமாம் என்றால் காரணம் எழுதியாயிற்று. விசாரித்து முடித்தபோது 222 என்பது 98 ஆகச் சுருங்கியது. அதிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று ஏற்றது 61 பேருக்கு.

டீச்சர், ஆணையம் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அளவோடு எடுப்பவருக்கு அநேகமாகக் கெடுதல் இல்லை, மிதமிஞ்சினால் உடலும் மனமும் கெடும் என்று இரண்டையும் எழுதியது. தடை வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்றது. தடுத்தால் மக்கள் ஊமத்தைக்கும் சாராயத்துக்கும் போவார்கள் என்று பல சாட்சிகள் அஞ்சினார்கள். வரி வருமானத்தில் அரசுக்கு ஆசை இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் ஒரு பதிவேட்டு எண்ணை நம்பாமல் ஒவ்வொரு ஆளாகத் தேடிப் போன அந்தப் பொறுமை எனக்குப் பெரிய விஷயம்.

சட்டமணி எழுதியது:

அப்படியானால் உலகம் முழுக்கத் தடை எப்படி வந்தது? பெரும்பாலோர் அமெரிக்கா என்பார்கள். அதற்கும் முன்னால் எகிப்து. 1924–25இல் ஜெனிவாவில் அபின் மாநாடு நடந்தபோது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஹஷீஷைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்தியவர் எகிப்தின் பிரதிநிதி எல் கிண்டி. இந்தியத் தரப்பு, எங்கள் நாட்டில் சமூக, மத வழக்கங்கள் இருக்கின்றன என்று தயங்கியது. கடைசியில் 1925 உடன்படிக்கையில் "இந்திய ஹெம்ப்" ஏறியது.

அமெரிக்காவின் 1937 கஞ்சா வரிச் சட்ட விசாரணையில் ஒரு சுவையான பகுதி உண்டு. பறவைத் தீவன வியாபாரிகள் வந்து, கஞ்சா விதை இல்லாவிட்டால் புறாக்களுக்கு இறகு சரியாக வளராது என்று முறையிட்டார்கள். முளைக்காதபடி பதப்படுத்திய விதைக்கு விலக்கு கிடைத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வுட்வர்ட் என்பவர் எதிர்த்துப் பேசினார், கமிட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தே வருடத்தில், ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்து கயிறு திரிக்கும் மணிலா நார் வருவது நின்றுபோனதும், அதே அரசு "ஹெம்ப் ஃபார் விக்டரி" என்று விவசாயிகளுக்குப் பிரசாரப் படம் எடுத்தது. பாய்மரம் சொன்ன கயிறுதான் காரணம்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். 1961 ஐ.நா. உடன்படிக்கையின் வரையறையில் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதிதான் "கன்னபிஸ்". அதோடு சேராத தனி இலையும் விதையும் அதில் இல்லை. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டமும் (என்.டி.பி.எஸ்.) அதையே பின்பற்றியது. இலையை அரைத்துச் செய்யும் பாங்கு தனி இலை என்பதால் மாநிலக் கலால் விதிகளின்கீழ் வந்தது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் செடி வைக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்தப் பகுதிக்காக வளர்த்தாலும், அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம்.

பறையிசை எழுதியது:

எனக்கு ரெக்கே இசைதான் எல்லாம், எனவே ஜமைக்கா. 1845 மே 10ஆம் தேதி கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் பே வந்து சேர்ந்தது. 1917 வரை 36 ஆயிரத்துக்கும் மேல் போனார்கள். பெரும்பாலோர் வடக்கிலிருந்து, சென்னைத் துறைமுகம் வழியாகவும் சிலர். அங்கே கஞ்சாப் பழக்கம் வேர்விட்டது இவர்கள் வழியாகத்தான். 1913இல் அந்தத் தீவு கொண்டுவந்த தடைச் சட்டத்தின் பெயரே "கஞ்சா சட்டம்". ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கா சமய இயக்கத்தைத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவரான லெனர்ட் ஹாவல் தன் நூலை ஜி.ஜி. மராக் என்ற பெயரில் வெளியிட்டார். மராக் என்பது மகராஜ். பாப் மார்லி படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரியும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அந்தப் புகைக்குப் பின்னால் முதுகொடியக் கரும்பு வெட்டிய நம்மவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும்? 2015இல்தான் ஜமைக்கா ராஸ்தஃபாரிகளின் வழிபாட்டுப் பயன்பாட்டைச் சட்டப்படி ஏற்றது.

புதுவரவு எழுதியது:

பறையிசை அண்ணா, 420 என்பது கலிஃபோர்னியா போலீஸின் சங்கேத எண் என்கிறார்களே?

பறையிசை எழுதியது:

இல்லை தங்கச்சி. நமக்கு 420 என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 1971இல் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐந்து பேருக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. பாயின்ட் ரெய்ஸ் அருகே யாரோ கைவிட்ட கஞ்சாப் பயிர் இருக்கிறது என்று. மாலை 4:20க்குப் பள்ளியில் இருந்த லூயி பாஸ்டர் சிலையடியில் கூடித் தேடப் போவார்கள். பயிர் கிடைக்கவே இல்லை, நேரம் மட்டும் அவர்களுக்குள் குறிச்சொல்லாக ஒட்டிக்கொண்டது. கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவோடு அவர்களுக்குப் பழக்கம் இருந்ததால் ரசிகர்கள் வழியே பரவி, 1991இல் ஹை டைம்ஸ் இதழில் அச்சேறியது. 70களில் அவர்கள் எழுதிய கடிதங்கள் அஞ்சல் முத்திரையோடு இருக்கின்றன. பழஞ்சுவடி ஐயா கேட்ட சான்று!

படங்களில் 1936இன் "ரீஃபர் மேட்னஸ்". கஞ்சா இழுத்தால் கொலை, பைத்தியம் என்று பயமுறுத்த எடுத்தது. 1972இல் கஞ்சாச் சட்டச் சீர்திருத்தம் கேட்ட நார்மல் அமைப்பின் கீத் ஸ்ட்ரூப், 297 டாலருக்கு ஒரு பிரதி வாங்கிக் கல்லூரிகளில் திரையிட்டார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தடைக்காக எடுத்த படம் தடையை எதிர்ப்பவர்களுக்கு நிதி திரட்டிக் கொடுத்தது.

அகழாய்வன் எழுதியது:

வானியலாளர் கார்ல் சேகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971இல் வந்த ஒரு நூலில் "மிஸ்டர் எக்ஸ்" என்ற பெயரில் தன் கஞ்சா அனுபவத்தை எழுதியவர் அவர்தான். அது வெளியே தெரிந்தது 1999இல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து.

வகுப்பறை எழுதியது:

ஆணைய அறிக்கையை நான் படிக்க விரும்புகிறேன். பதினொன்றாம் வகுப்பு வரலாற்று மாணவர்களுக்கு அந்த 222 கணக்கைக் காட்டலாம் என்று தோன்றுகிறது. ஒரு எண்ணை எப்படிக் கேள்வி கேட்பது என்று பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. எங்கே கிடைக்கும், எந்தத் தொகுதி?

பழஞ்சுவடி எழுதியது:

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஏழு தொகுதிகளையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது டீச்சர். விடுதிக் கணக்கு பற்றிய வாதம் முதல் தொகுதியில், ஒவ்வொரு நோயாளியின் விவரமும் பின்னிணைப்பில். மதராஸ் மாகாணச் சாட்சிகள் ஆறாம் தொகுதியில் வருகிறார்கள். அதை முதலில் எடுக்காதீர்கள். முதல் தொகுதியின் மனநோய் அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சாட்சிகளிடம் போனால், அவர்களில் யார் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், யார் கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள்.